ரோஜாவுக்கு அடிச்ச மருந்தும் ரசத்துக்குக் கிள்ளின கறிவேப்பிலையும்

எங்க வீட்டு மொட்டை மாடியில மொத்தம் 22 தொட்டி. ரோஜா, செம்பருத்தி, நந்தியாவட்டை, குரோட்டன்ஸ் எல்லாம் தங்கமணியோட இலாகா. கத்தரி, தக்காளி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் அம்மாவோட இலாகா. மண் மூட்டை தூக்குறதும் தண்ணி ஊத்துறதும் அடியேனோட இலாகா. இந்தக் கூட்டணி ஆட்சி ஆறு வருஷமா பெரிய சண்டை இல்லாமத்தான் ஓடிக்கிட்டிருக்கு. :-)

போன மார்ச்சுல செம்பருத்திக்கு மாவுப்பூச்சி வந்துச்சு. கிளை நுனி, மொட்டுக் காம்பு, இலையோட அடிப்பக்கம்னு எங்க பார்த்தாலும் வெள்ளையா பஞ்சு ஒட்டின மாதிரி. மொட்டு விரியாமலே உதிர ஆரம்பிச்சது. தங்கமணி முகத்தைப் பார்க்கச் சகிக்காம நேரா ஒரு கடைக்குப் போனேன். "பூச்செடிக்கு மருந்து வேணும்"னு கேட்டேன். கடைக்காரர் உள்ள போயி, பெரிய கேன்லேர்ந்து ஒரு பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல கொஞ்சம் ஊத்தி எடுத்துட்டு வந்தார். லேபிள் கிடையாது. என்ன மருந்துன்னு கேட்டா, "நல்ல மருந்து சார், ஒரு பூச்சி நிக்காது. ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு மூடி"ன்னார். நானும் தலையாட்டி வாங்கிட்டு வந்து அன்னிக்கு சாயங்காலமே செம்பருத்திக்கும் ரோஜாவுக்கும் அடிச்சேன். நல்ல காத்து வேற. ரெண்டடி தள்ளி கறிவேப்பிலைத் தொட்டி.

மறுநாள் தட்டுல ரசம். மேல பச்சைப் பசேல்னு கறிவேப்பிலை மிதக்குது. "கடையில வாங்கினதாம்மா?"ன்னேன். "கடைக்கு எதுக்குப் போகணும்? இப்பத்தான் மாடியில கிள்ளிட்டு வந்தேன்"னாங்க. பையன் அதுக்குள்ள ரெண்டாவது கரண்டி ஊத்திக்கிட்டிருந்தான். எனக்கு வயித்துல புளியைக் கரைச்சது.

ரசத்தைச் சட்டியோட கொட்டினேன். தெரிஞ்ச டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து?" என்கிட்ட பதில் இல்லை. பையனுக்கு மயக்கம், வாந்தி, மூச்சுத்திணறல் ஏதாவது வந்தா உடனே பாட்டிலையும் கையோட எடுத்துக்கிட்டு வாங்கன்னு சொல்லிட்டு வச்சுட்டார். நல்லவேளை யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஆனா அன்னிக்கு ராத்திரி பையன் தூங்கினான், நான் தூங்கலை.

சரி, மேட்டருக்கு வருவோம். மாடித்தோட்டத்துல அழகுச் செடி, சமையல் செடின்னு ரெண்டு ஜாதி கிடையாது. காத்து ஒண்ணு, தண்ணி ஒண்ணு, கிள்ளுற கை ஒண்ணு. ரோஜாவுக்கு எதை அடிக்கிறோமோ அது ரசத்துக்கும் வரும். "பூச்செடிக்குத்தானே, நாம என்ன திங்கவா போறோம்"ங்கிற நினைப்பைத்தான் நாம முதல்ல கழட்டிப் போடணும்.

"நல்லா கழுவிட்டுப் போட்டா போச்சு"ன்னு பலர் சொல்றாங்க. சில மருந்துக்கு அது ஓரளவு சரி. ஆனா இமிடாகுளோபிரிட் மாதிரி சிலது இலை வழியாவோ வேர் வழியாவோ செடிக்குள்ள போய், சாத்துல கலந்து நிக்கும். சாறு உறிஞ்சுற பூச்சி சாகுறதே அதனாலதான். அதை எந்தக் குழாய்த் தண்ணியில கழுவுறது?

இன்னொரு கோளாறு, நாம வச்சிருக்கிற பேரு. விஷத்துக்கு 'மருந்து'ன்னு பேர் வச்ச ஆளுங்க நாம. ஊர்ல ஒருத்தர் செத்துப்போனா "மருந்தைக் குடிச்சிட்டாரு"ன்னு சொல்லும்போது மட்டும் அதோட நிஜமான அர்த்தம் நமக்குப் புரியுது. கடையில போய்க் கேட்கும்போது மறுபடி அது வெறும் மருந்தாயிடுது.

1971-ம் வருஷத்துப் பூச்சிக்கொல்லி விதிகள் டப்பாவுல ஒரு வண்ண முக்கோணம் போடச் சொல்லிச்சு. சிவப்புன்னா கடும் விஷம், அடுத்தது மஞ்சள், அப்புறம் நீலம், கடைசியா பச்சை. பச்சைக்கு விஷமே இல்லைன்னு அர்த்தம் இல்லை, குறைச்சல்னுதான் அர்த்தம். கேன்லேர்ந்து பழைய பாட்டிலுக்கு மாத்தி ஊத்தும்போது அந்த முக்கோணமும் போச்சு, பேரும் போச்சு, அடிச்சு எத்தனை நாள் கழிச்சுப் பறிக்கலாம்ங்கிற கணக்கும் போச்சு.

இது சும்மா பூச்சாண்டி இல்லை. 2013 ஜூலையில பீகார் சரண் மாவட்டத்துல பள்ளி மதிய உணவு சாப்பிட்டு 23 குழந்தைங்க செத்துப்போனாங்க. சமையல் எண்ணெயில மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்ததுன்னு சோதனையில தெரிஞ்சது. காய்கறிக்கே அடிக்கக்கூடாதுன்னு 2005-லயே தடை போட்ட விஷம் அது. சமையல் பொருளும் பூச்சிக்கொல்லியும் ஒண்ணா சேர்ந்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு அதைவிடக் கொடுமையான உதாரணம் வேண்டாம்.

"அப்போ பூச்சி திங்கட்டும்னு கையைக் கட்டிக்கிட்டு உட்காரவா?"ன்னு கேக்குறீங்களா? அதுக்கும் ஒரு கதை இருக்கு. 2008-ல கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சின்னு ஒரு புது வரவு தென்பட்டது. சொந்த ஊர் மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கம். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, கத்தரி, நம்ம செம்பருத்தி வரைக்கும் எதையும் விட்டு வைக்கலை. விவசாயிங்க மாத்தி மாத்தி அடிச்சுப் பார்த்தாங்க. உடம்பு மேல மெழுகுப் பூச்சு இருக்கிறதால மருந்து சரியா உள்ள இறங்கலை. கடைசியில 2010-ல போர்ட்டோ ரிக்கோவுலேர்ந்து அசிரோபேகஸ் பப்பாயேன்னு ஒரு குளவியைக் கொண்டு வந்தாங்க. குளவின்னா பயந்துடாதீங்க, ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அது மாவுப்பூச்சி உடம்புக்குள்ள முட்டை வைக்கும். வர்ற புழு உள்ளேயே தின்னு வளர்ந்து, கூட்டுல ஓட்டை போட்டுக்கிட்டு வெளிய வரும். அத்தனை மருந்து செய்யாததை இந்தத் தம்மாத்தூண்டு ஜீவன் செஞ்சு முடிச்சது. நாம அடிக்கிற விஷம் முதல்ல கொல்றது இந்த மாதிரி ஆளுங்களைத்தான்.

இன்னொரு கூத்து. மாவுப்பூச்சியைத் தின்ற ஒருவகைப் பொறிவண்டோட புழு, மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளையா, நூல் நூலா மெழுகோட இருக்கும். அளவுல பெரிசு, வேகமா நகரும். தெரியாம நானே நாலைஞ்சை நசுக்கியிருக்கேன், பாவி.

இப்போ நான் செய்யறது ரொம்ப சுலபம். பூச்சி அப்பின நுனியை வெட்டி கவர்ல கட்டிடறேன். மிச்சத்துக்கு வேகமா தண்ணி பீய்ச்சறேன். அப்பவும் போகலைன்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்ததும் இலைக்கு அடியில. வாரத்துக்கு ஒரு தரம். முக்கியமா எறும்பைக் கவனிக்கணும். மாவுப்பூச்சி விடுற இனிப்புத் தண்ணிக்காக எறும்புதான் அதுக்குக் காவல் நிக்குது. தொட்டியைத் தண்ணித் தட்டுக்கு நடுவுல செங்கல் வச்சு அதுமேல ஏத்தினேன், பாதிப் பிரச்சனை தீர்ந்தது. (வேப்பெண்ணெய் அடிச்ச மறுநாள் கறிவேப்பிலை கிள்ளினா ரசம் கசக்கும். அனுபவம்!)

செம்பருத்தி பிழைக்குமான்னு கேட்டா, பிழைச்சது. அடியோட வெட்டி விட்டேன், ரெண்டு மாசத்துல துளிர்த்தது. பிழைக்காமப் போயிருந்தாலும் என்ன, நர்சரியில இன்னொரு செடி வாங்கியிருப்பேன். வயலையே நம்பியிருக்கிற விவசாயியோட நிலைமை வேற, அவருக்கு நான் உபதேசம் பண்ண வரலை. ஆனா பொழுதுபோக்குக்கு 22 தொட்டி வச்சிருக்கிற எனக்கு அந்த பாட்டிலை வீட்டுக்குள்ள கொண்டு வர ஒரு நியாயமும் கிடையாது.

அந்த பாட்டில் என்ன ஆச்சுன்னு சொல்லலையே. சாக்கடையில ஊத்த மனசு வரலை. கடைக்கே எடுத்துட்டுப் போனேன். "காசு வேணாம், இதை வாங்கிக்குங்க. இனிமே யாருக்கும் இப்படிப் பேரில்லாம ஊத்திக் குடுக்காதீங்க"ன்னேன். கடைக்காரர் கோவப்படவே இல்லை. சிரிச்சுக்கிட்டே வாங்கி, துடைச்சு, அடுத்து வர்ற ஆளுக்காக அலமாரியில வச்சார்.

அந்த அடுத்த ஆள் நீங்களா இருக்காதீங்க.