டிக்கெட்டே இல்லாத குழந்தைகள் சயின்ஸ் மியூசியம்: 'ஃப்ரீ' என்றால் காசு யார் கொடுக்கிறார்கள்?

சான் ஃபிரான்சிஸ்கோவில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு வார இறுதி வந்தால் ஒரே கேள்விதான்: பசங்களை எங்கே கூட்டிட்டுப் போறது? அந்த நகரத்தின் புகழ்பெற்ற அறிவியல் மையமான எக்ஸ்ப்ளோரட்டோரியத்தில் பெரியவர்களுக்கான டிக்கெட் 40 டாலர் அளவில் இருக்கிறது. நான்கு பேர் உள்ள குடும்பம் போய் வந்தால், பார்க்கிங், சாப்பாடு சேர்க்காமலே 120 டாலரைத் தாண்டிவிடும்.

அதே நகரத்தில், காஸ்ட்ரோ பகுதிக்கு மேலே உள்ள ஒரு குன்றின் மீது இன்னொரு மியூசியம் இருக்கிறது. ஆந்தையும் பருந்தும் ஆமையும் பாம்பும் அங்கே இருக்கின்றன. களிமண் வேலைக்கும் மரவேலைக்கும் தனிப் பட்டறைகள் உண்டு. பெரிய மாதிரி ரயில் பாதையும் உண்டு. நுழைவுக் கட்டணம்? கிடையாது. அதன் பெயர் ராண்டல் மியூசியம்.

அமெரிக்காவில், அதுவும் விலைவாசி எகிறிக் கிடக்கும் ஓர் ஊரில், இது எப்படி சாத்தியம்? கட்டணம் இல்லாததால் குழந்தைகளுக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது? இது எவ்வளவு காலம் தாங்கும்?

பழைய சிறையில் தொடங்கிய மியூசியம்

இதன் கதை ஜோசஃபின் ராண்டல் என்ற பெண்மணியிடம் தொடங்குகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1910-ல் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர். பின்னர் சான் ஃபிரான்சிஸ்கோ நகரத்தின் முதல் பொழுதுபோக்குத் துறைக் கண்காணிப்பாளராகி, அந்தப் பொறுப்பில் கால் நூற்றாண்டு காலம் இருந்தார்.

1937-ல், ஓஷன் அவென்யூவில் இருந்த நகரத்தின் பழைய சிறைக் கட்டடத்தில் குழந்தைகளுக்கான ஒரு மியூசியத்தைத் தொடங்கினார். நாடு பொருளாதாரப் பெருமந்தத்திலிருந்து இன்னும் முழுதாக மீளாத நேரம் அது. பத்தாண்டு கழித்து, 1947-ல், பொழுதுபோக்கு வசதிகளுக்காக 1.2 கோடி டாலர் கடன் பத்திரத் திட்டத்தை முன்னின்று கொண்டுவந்தார். அந்தத் திட்டத்தில் புதிய மியூசியமும் அடக்கம். 1951-ல் கொரோனா ஹைட்ஸ் குன்றில், 16 ஏக்கர் பூங்காவில், இப்போதைய கட்டடம் திறக்கப்பட்டது. அப்போதுதான் அவருடைய பெயரும் சூட்டப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த மியூசியத்தைத் தொடங்கியது கல்வித் துறையோ தனியார் அறக்கட்டளையோ இல்லை. நகரத்தின் பொழுதுபோக்குத் துறை. பூங்கா, விளையாட்டு மைதானம் வரிசையில் மியூசியத்தையும் வைத்தார்கள். பூங்காவுக்குள் போக யாரும் டிக்கெட் கேட்பதில்லை. அந்த முடிவுதான் இன்று வரை இந்த இடத்தைக் காப்பாற்றி வருகிறது.

உள்ளே என்ன இருக்கிறது?

பெரிய மியூசியங்களை மனதில் வைத்துக்கொண்டு போனால் இது சின்ன இடமாகத் தெரியும். அரை நாளில், ஏன், ஒன்றரை மணி நேரத்தில்கூடச் சுற்றி வந்துவிடலாம். பசங்களைப் பிடித்து நிறுத்துவது அங்கே இருக்கும் உயிரினங்கள்தான். காயம் பட்டதாலோ, மனிதர்களிடம் பழகிவிட்டதாலோ மறுபடி காட்டில் விட முடியாத பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் இங்கே அடைக்கலம் கிடைக்கிறது.

ஒவ்வொரு பறவைக்கும் ஒரு கதை இருப்பதால், குழந்தை கேட்கும் முதல் கேள்வியே 'இது ஏன் பறக்கல?' என்பதாக இருக்கும். அங்கிருந்து இறக்கை எலும்பு, வேட்டை, நகரத்துக் கண்ணாடி ஜன்னல்கள் என்று பேச்சு தானாகவே விரியும். பாடப்புத்தகத்தில் 'பறவைகளின் தகவமைப்பு' என்ற தலைப்பில் வருவது, இங்கே எதிரே உட்கார்ந்து முறைத்துப் பார்க்கிறது.

கட்டடத்துக்கு வெளியே உள்ள குன்றும் ஒரு காட்சிப் பொருள்தான். சிவந்த, அடுக்கடுக்கான அந்தப் பாறைக்கு 'செர்ட்' என்று பெயர். ரேடியோலேரியா என்ற நுண்ணுயிர்களின் சிலிக்கா ஓடுகள் ஆழ்கடல் தரையில் படிந்து இறுகி உருவான பாறை இது. வயது பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் மேல். கடலடியில் இருந்தது, நிலத்தட்டுகளின் நகர்வால் இப்போது நகரத்துக்கு மேலே நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிரே பிரதர்ஸ் என்ற நிறுவனம் இங்கே குவாரியும் செங்கல் சூளையும் நடத்தியது. வெட்டிய தடம் இன்றும் தெரிகிறது. ஐந்து வயதுக் குழந்தை அந்தப் பாறையில் கை வைத்தால், ஒரு காலத்தில் கடலின் அடித்தரையாக இருந்ததைத் தொடுகிறது. இதற்கும் டிக்கெட் கிடையாது.

சரி, காசு யாருடையது?

இலவசம் என்றால் செலவே இல்லை என்று அர்த்தமில்லை. விலங்குகளுக்குத் தினமும் தீனி, கால்நடை மருத்துவர், ஊழியர் சம்பளம், மின்சாரம், கட்டடப் பராமரிப்பு எல்லாம் உண்டு. அந்தச் செலவு வாசலில் வசூலாவதில்லை, அவ்வளவுதான்.

ராண்டலில் பணம் மூன்று வழிகளில் வருகிறது.

முதலாவது, நகராட்சி. மியூசியத்தின் உரிமையாளரும் நடத்துநரும் சான் ஃபிரான்சிஸ்கோவின் பொழுதுபோக்கு மற்றும் பூங்காத் துறைதான். வரிப் பணம்தான் அடித்தளம்.

இரண்டாவது, 'ராண்டல் மியூசியம் ஃப்ரெண்ட்ஸ்' என்ற லாப நோக்கற்ற அமைப்பு. நன்கொடை திரட்டுவதும் நிகழ்ச்சிகளுக்குக் கைகொடுப்பதும் இவர்கள் வேலை.

மூன்றாவது, கட்டண வகுப்புகள். உள்ளே வருவது இலவசம். ஆனால் பல வாரம் நடக்கும் களிமண், மரவேலை வகுப்புகளுக்கும் கோடை முகாம்களுக்கும் பணம் கட்ட வேண்டும். முடிந்தவர்கள் கூடுதல் சேவைக்குப் பணம் தருகிறார்கள், வாசல் எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது.

பெரிய வேலைகள் வரும்போது வேறு பணம் தேவைப்படுகிறது. 2015-ல் புதுப்பிப்புக்காக மூடப்பட்ட மியூசியம் 2018 பிப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்தப் பணிக்கு மாநில அரசின் மானியமும் உதவியது. புதுக் கட்டடமாகத் திறந்த பிறகும் கட்டணம் வைக்கவில்லை என்பதுதான் செய்தி. ஏனென்றால் பக்கத்து ஊர்களில் கதை அப்படிப் போகவில்லை.

'இனிமேல் டிக்கெட்': பக்கத்தில் நடந்தவை

*பாலோ ஆல்ட்டோ ஜூனியர் மியூசியம்:* சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து சுமார் 50 கி.மீ. தெற்கே, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஊர் பாலோ ஆல்ட்டோ. அங்கே 1934-ல் தொடங்கிய குழந்தைகள் மியூசியமும் சிறு விலங்குக்காட்சி சாலையும் பல தலைமுறைகளாக இலவசமாக இருந்தன. பழைய கட்டடத்தை இடித்துவிட்டு, பெருமளவு நன்கொடையோடு புதிதாகக் கட்டினார்கள். 2021 நவம்பரில் திறந்தபோது நுழைவுக் கட்டணம் 10 டாலர் ஆனது.

*சான் ஃபிரான்சிஸ்கோ தாவரவியல் பூங்கா:* இதுவும் அதே பொழுதுபோக்கு மற்றும் பூங்காத் துறையின் கீழ் வருவதுதான். 2010 வரை எல்லாருக்கும் இலவசம். அதற்குப் பிறகு வெளியூர்க்காரர்களுக்குக் கட்டணம் வந்தது. நகரவாசிகளுக்கு மட்டும் இலவசம் தொடர்ந்தது.

*எக்ஸ்ப்ளோரட்டோரியம்:* 1969-ல் இதைத் தொடங்கியவர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர். 2023-ல் வெளியான கிறிஸ்டோஃபர் நோலன் படத்தின் நாயகன் ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி. கம்யூனிஸ்ட் கட்சித் தொடர்பு காரணமாக 1949-ல் பல்கலைக்கழக வேலையை இழந்து, கொலராடோவில் மாடு மேய்த்து, பிறகு பள்ளி ஆசிரியராகி, கடைசியில் 'தொட்டுப் பார்த்துக் கத்துக்கோ' என்ற மியூசியத்தைக் கட்டியவர். உலகெங்கும் உள்ள அறிவியல் மையங்களுக்கு அது முன்மாதிரி ஆனது. தொடக்க காலத்தில் அங்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. இன்றைய விலையை மேலே பார்த்தோம்.

மூன்றும் மூன்று விதமான இடங்கள். மூன்றிலும் ஒரே அழுத்தம் தெரிகிறது. புதுக் கட்டடம் என்றால் நன்கொடையாளர்கள் முன்வருவார்கள், சுவரில் பெயர் வரும். ஆந்தைக்குத் தினமும் தீனி வாங்க, பத்து வருடம் சம்பளம் கொடுக்க நன்கொடை கிடைப்பது கஷ்டம். அந்த இடைவெளியை நிரப்ப வேறு வழி இல்லாதபோது கை நீள்வது வாசலை நோக்கித்தான்.

10 டாலர்தானே, அதில் என்ன வந்தது?

நியாயமான கேள்வி. ஐ.டி. சம்பளக்காரருக்கு 10 டாலர் ஒரு காபியும் சாண்ட்விச்சும். நான்கு பேருக்கு 40 டாலர் என்பது வாடகைக்கே திணறும் குடும்பத்துக்கு வேறு கணக்கு. ஆனால் கட்டணம் மாற்றுவது யார் வருகிறார்கள் என்பதை மட்டும் இல்லை. வந்தவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதையும் மாற்றுகிறது.

டிக்கெட் வாங்கிய பெற்றோர் மனதில் ஒரு மீட்டர் ஓடத் தொடங்கிவிடும். 'காசு கொடுத்தாச்சு, எல்லாத்தையும் பார்த்துடணும்.' குழந்தை ஒரே மீன் தொட்டி முன்னால் இருபது நிமிடம் நின்றால் பதற்றம் வரும். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போவார்கள். மாலையில் எல்லாரும் களைத்துப்போய், 'இந்த வருஷத்துக்கு இது போதும்' என்று வீடு திரும்புவார்கள்.

கட்டணம் இல்லாத இடத்தில் அந்த மீட்டர் ஓடாது. அரை மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்பலாம். குழந்தை அழுதால் உடனே வெளியே போகலாம், நஷ்டம் இல்லை. அடுத்த வாரமும் வரலாம். முதல் முறை எல்லாம் ஓட்டமும் கத்தலும்தான். மூன்றாவது முறை, 'அந்த ஆந்தை என்ன பண்ணுது?' என்று குழந்தையே கேட்கும். ஐந்தாவது முறை, போன வாரம் பார்த்ததோடு ஒப்பிடத் தொடங்கும்.

கவனித்தல், திரும்பக் கவனித்தல், ஒப்பிடுதல், கேள்வி கேட்டல்: அறிவியல் என்பதே இந்த வரிசைதானே? தொட்டுப் பார்க்கும் மியூசியம் வேலை செய்ய, திரும்பத் திரும்ப வருவது அவசியம். அந்தத் திரும்பி வருதலைத்தான் டிக்கெட் முதலில் வெட்டுகிறது.

வாசலைத் திறந்தால் மட்டும் போதுமா?

போதாது. இதற்குப் பெரிய அளவில் கிடைத்த பாடம் பிரிட்டனில் இருக்கிறது. அங்கே கட்டணம் வாங்கிவந்த தேசிய மியூசியங்கள் 2001 டிசம்பரில் இலவசமாயின. லண்டன் சயின்ஸ் மியூசியம், இயற்கை வரலாற்று மியூசியம் இரண்டும் அதில் அடக்கம். அடுத்த பத்தாண்டில் அந்த மியூசியங்களுக்கான வருகை இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது. ஆனால் வந்தவர்களின் சமூகப் பின்னணி அதே வேகத்தில் மாறவில்லை. ஏற்கெனவே மியூசியம் போகிற பழக்கம் உள்ளவர்கள் இன்னும் அதிகமாகப் போனார்கள்.

காரணம் புரியாதது இல்லை. பஸ் செலவு, நேரம், லீவு, 'இது நமக்கான இடமா?' என்ற தயக்கம் எல்லாமே கண்ணுக்குத் தெரியாத டிக்கெட்டுகள். ராண்டலும் குன்றின் மேல் இருக்கிறது. தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு அந்த மேட்டில் ஏறுவது லேசான வேலை இல்லை. ஆக, இலவசம் என்பது முதல் படி மட்டும்தான். பள்ளிகளிலிருந்து குழந்தைகளை அழைத்து வருவது, பேருந்து வசதி, விடுமுறை நாள் நிகழ்ச்சிகள் ஆகியவை சேர்ந்தால்தான் அது முழுமையாகும்.

இரண்டுக்கும் நடுவிலான ஒரு வழியும் அமெரிக்காவில் நடைமுறையில் இருக்கிறது. 'மியூசியம்ஸ் ஃபார் ஆல்' திட்டத்தில் சேர்ந்த மியூசியங்களில், அரசின் உணவு உதவி அட்டை வைத்திருப்பவர்கள் இலவசமாகவோ அதிகபட்சம் 3 டாலர் கட்டியோ உள்ளே போகலாம். 2014-ல் தொடங்கிய இதில் இப்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட மியூசியங்கள் உள்ளன. நல்ல திட்டம்தான். ஆனால் வாசலில் நின்று அட்டையை எடுத்துக் காட்ட வேண்டும். எல்லாருக்கும் இலவசமான இடத்தில் யார் ஏழை, யார் பணக்காரர் என்று யாரும் கேட்பதில்லை. அந்த வித்தியாசத்தைக் குழந்தைகளும் கவனிப்பார்கள்.

போகிறவர்கள் கவனத்துக்கு

* வாரத்தின் எல்லா நாளும் திறந்திருக்காது. கிளம்பும் முன் மியூசியத்தின் இணையதளத்தில் நாளையும் நேரத்தையும் பார்த்துவிடுவது நல்லது.
* 37-ம் எண் பேருந்து அருகே செல்கிறது. காஸ்ட்ரோ மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கலாம். மேடு கொஞ்சம் செங்குத்து.
* குன்றின் உச்சியில் காற்று பலமாக அடிக்கும். கோடையிலும் ஒரு ஸ்வெட்டர் தேவை.
* ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்ட முயல வேண்டாம். குழந்தை எங்கே நிற்கிறதோ அங்கேயே நிற்கலாம்.
* முடிந்தால் நன்கொடை போடலாம். அடுத்து வரும் குடும்பத்துக்கும் வாசல் திறந்திருக்க அதுவும் ஒரு காரணம்.
* சான் ஃபிரான்சிஸ்கோ பொது நூலக அட்டை இருந்தால், 'டிஸ்கவர் அண்ட் கோ' திட்டத்தில் கட்டண மியூசியங்களுக்கும் பாஸ் எடுக்க முடியும்.

இங்கே இருப்பவர்களுக்கு இதில் என்ன?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி புதிதில்லை. திருநெல்வேலியில் 1987 முதல் இயங்கும் மாவட்ட அறிவியல் மையம், மத்திய கலாச்சார அமைச்சகத்தின் கீழ் உள்ள தேசிய அறிவியல் அருங்காட்சியகங்கள் குழுமத்தைச் சேர்ந்தது. தொட்டு, இயக்கிப் பார்க்கும் கருவிகள் அங்கே உண்டு. பெரும்பாலான குழந்தைகள் அதைப் பார்ப்பது பள்ளிச் சுற்றுலாவில், ஒரே ஒரு முறை, வரிசையில் நின்று, ஆசிரியரின் விசில் சத்தத்துக்கு நடுவே.

இன்னொரு பக்கம், சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்குத் தனிப் பகுதிகள் உள்ளன. நுழையக் காசு இல்லை. போன வாரம் பாதியில் விட்ட படக்கதையை இந்த வாரம் தேடி எடுக்கும் குழந்தைகளை அங்கே பார்க்கலாம். நூலகம் இலவசமாக இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அறிவியல் மையத்துக்கும் அந்தக் கணக்கைப் பொருத்திப் பார்க்கலாமே என்பதுதான் ராண்டல் எழுப்பும் கேள்வி.

1937-ல் ஒரு நகராட்சி அதிகாரி சிறைக் கதவைத் திறந்து அதைக் குழந்தைகளின் இடமாக்கினார். அதன் பிறகு ஒவ்வொரு பட்ஜெட்டிலும் யாரோ ஒருவர், அந்தச் செலவை வாசலில் வசூலிக்க வேண்டாம் என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ராண்டலில் அந்த முடிவு இதுவரை மாறவில்லை.