மீட்டர் விளக்கு ஏன் சிமிட்டுகிறது?

"என் மகனுக்கு ஸ்டெம் கிட் ஒன்று வாங்கலாம் என்று பார்க்கிறேன். விலை அதிகமாக இருக்கிறது. பிரயோஜனம் இருக்குமா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் நான்கையும் தனித்தனிப் பாடமாக இல்லாமல், கைவேலையோடு சேர்த்துக் கற்றுக்கொள்வதைத்தான் ஸ்டெம் என்கிறார்கள். பதில் சொல்வதற்கு முன்னால் எங்கள் வீட்டு கரண்ட் பில் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரி முதல் வாரத்தில் பில் வந்தது. 552 யூனிட்! ஏ.சி. பக்கமே போகாத மார்கழி, தை மாதக் கணக்கு அது. 500 யூனிட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமா? கீழே உள்ள சில யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை ஏறிவிடும்.

என் கணவர் பில்லைப் பார்த்தார், பாத்ரூம் பக்கம் பார்த்தார். "அம்மா, கீசரைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமே?"

அத்தைக்கு முழங்கால் வலி. காலையில் வெந்நீர் ஊற்றினால்தான் காலை மடக்கவே முடியும். எதுவும் பேசவில்லை. மறுநாள் காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, நடுங்கிக்கொண்டே பூஜை அறைக்குப் போனார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஆனால், கீசர் காரணம் இல்லை என்று சொல்ல என்னிடமும் ஆதாரம் இல்லையே!

மகள் பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. "1 யூனிட் என்பது 1 கிலோவாட் மணி, அதாவது 36 லட்சம் ஜூல்" என்று தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பாள். "அப்போ பாட்டி குளிக்க எத்தனை யூனிட் ஆகுது?" என்றேன். விழித்தாள். புத்தகத்தில் அந்தக் கேள்வி இல்லை.

அன்று மாலை டியூஷன் முடிந்து வந்தவள், கீழே மீட்டர் போர்டு முன்னால் நின்றுவிட்டாள். மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்குமே, கவனித்திருக்கிறீர்களா? அதன் பக்கத்திலேயே ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். எங்கள் மீட்டரில் 3200 என்று இருந்தது. அதாவது விளக்கு 3200 முறை சிமிட்டினால் 1 யூனிட். (மீட்டருக்கு மீட்டர் இந்த எண் மாறும். தட்டு சுற்றும் பழைய மீட்டராக இருந்தால், யூனிட்டுக்கு எத்தனை சுற்று என்று போட்டிருக்கும்.) பத்து வருடமாக அதைத் தாண்டித்தான் நானும் பால் வாங்கப் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சோதனை. நான் மேலே ஸ்விட்ச் போட, அவள் கீழே மீட்டரைப் பார்க்க, இருவருக்கும் நடுவில் செல்போன். முதலில் எல்லாவற்றையும் அணைத்தோம். அப்படியும் விளக்கு சிமிட்டியது! பத்து நிமிடத்தில் 8 முறை. வீடெல்லாம் தேடினால், அணைக்காமல் விட்டது டி.வி.க்குக் கீழே இருந்த செட்டாப் பாக்ஸ். ரிமோட்டில் மட்டும் அணைத்துவிட்டுத் தூங்கப் போவது என் கணவரின் பழக்கம்.

அடுத்து கீசர். இப்போது விளக்கு படபடவென்று அடித்தது, எண்ணவே முடியவில்லை. செல்போனில் வீடியோ எடுத்து, மெதுவாக ஓடவிட்டு எண்ணினாள். நிமிடத்துக்கு 107. அத்தைக்குத் தண்ணீர் சூடாக ஆவது பத்து நிமிடம். ஆக ஒரு குளியலுக்கு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு மாதத்துக்கு 20 யூனிட்.

செட்டாப் பாக்ஸுக்கும் கணக்குப் போட்டாள். நாள் முழுக்க, இரண்டு மாதத்துக்கு 21 யூனிட்டுக்கு மேல்!

"அப்பா, பாட்டி வெந்நீரும் உங்க செட்டாப் பாக்ஸும் ஒண்ணு" என்றாள். அவர் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். அத்தை மட்டும், "இன்னொரு தடவை சொல்லுடி" என்றார்.

ஆனால், 552 எங்கிருந்து வந்தது? மிச்சம் இருந்த பெரிய ஆள் ஃபிரிட்ஜ். அதை மட்டும் ஓடவிட்டபோது நிமிடத்துக்கு 8 முறை. பார்த்தால் கொஞ்சம்தான். ஆனால் ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதுதான் கணக்கு. அத்தை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சத்தம் எப்போது நிற்கிறது என்று குறித்துக்கொள்வதாக ஏற்பாடு. ஒரு மணி நேரம் ஆகியும் குறிக்க வேலையே இல்லை. ஒரு தடவை பார்த்தால் போதாது என்று விடியற்காலை ஐந்து மணிக்கு மறுபடி உட்கார்ந்தார்கள். குளிர்காலத்து விடியலிலும் அது நிற்கவில்லை.

மணிக்கு 480 சிமிட்டல், நாளுக்கு 3.6 யூனிட், இரண்டு மாதத்துக்கு 216. கதவில் ஒரு பேப்பரை வைத்து மூடி இழுத்துப் பார்த்தாள். மேலே இறுக்கமாகப் பிடித்தது. கீழ் மூலையில் வழுக்கிக்கொண்டு வந்தது. கதவு ரப்பர் அங்கே கிழிந்திருந்தது. உள்ளே இருந்த குளிர் வெளியே போய்க்கொண்டே இருக்க, பாவம், அது எப்படி நிற்கும்?

அந்த வாசகிக்கு வருகிறேன். கிட் வாங்குவது தப்பில்லை. ஆனால், அதில் விடை முதலிலேயே பெட்டிக்குள் அச்சடித்து இருக்கிறது. குழந்தை அதைச் சரியாகப் பொருத்துகிறது, அவ்வளவுதான். ஐ.ஐ.டி. கான்பூரில் படித்த அரவிந்த் குப்தா, மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்காகத் தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு ட்யூபையும் இணைத்து முக்கோணம், சதுரம் எல்லாம் செய்து காட்டினார். சதுரம் அமுங்கும், முக்கோணம் அமுங்காது. பாலத்துக்கு ஏன் முக்கோணம் வைக்கிறார்கள் என்று கையே கண்டுபிடித்துவிடும். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பணம் போட வேண்டிய இடம் அது இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இதைச் செய்து பார்ப்பவர்களுக்கு ஒன்று. மீட்டர் பெட்டியை யாரும் தொடக் கூடாது, கண்ணால் பார்த்தால் போதும். வயர், ப்ளக் வேலையெல்லாம் பெரியவர்கள் பொறுப்பு.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இரண்டு நாள் படிப்பு கெட்டது. "பரீட்சை நேரத்துல இது தேவையா?" என்று என் தங்கை போனில் திட்டினாள். அடுத்து வந்த திருப்புதல் தேர்வில் மகளின் அறிவியல் மார்க் ஏறவும் இல்லை. சிமிட்டும் விளக்கைப் பற்றி யாரும் அதில் கேட்கவில்லை.

ரப்பர் மாற்றினோம், செட்டாப் பாக்ஸை ராத்திரி ஸ்விட்சிலேயே அணைக்க ஆரம்பித்தோம், அத்தை வெந்நீருக்குத் திரும்பினார். அடுத்த பில் 463 யூனிட். நான் பாயசம் வைக்கலாமா என்று கேட்டேன். மகள் முகத்தைச் சுளித்தாள்.

"ரெண்டையும் ஒரே நேரத்துல மாத்திட்டோம்மா. போதாததுக்கு வெயில் வேற வந்திருச்சு, ஃபேன் ஓடியிருக்கு. எதால எவ்வளவு குறைஞ்சுதுன்னு இப்போ சொல்லவே முடியாது. செட்டாப் பாக்ஸைப் பழையபடி விட்டுட்டு மறுபடி எண்ணணும்."

பேப்பருக்குப் பின்னாலிருந்து என் கணவர் உடனே சம்மதித்தார்.