சர்வே கல்லும் ஊர்ச் சாட்சியும்

கோவைக்கு மேற்கே தொண்டாமுத்தூர்ப் பக்கம் வரப்புத் தகராறு வந்தால் முதலில் தேடுவது எஃப்.எம்.பி. என்ற புல அளவைப் படத்தின் நகலைத்தான். 1802-இல் பரங்கிமலை அருகே லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவையும், ரயத்துவாரி வரிக்காக வந்த நில அளவையும் கொங்கு மண்ணுக்குக் கல் நட்டுக் கணக்கு எழுதின. யார் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று சொல்ல அது போதுமானது. 1882-இன் சென்னை வனச் சட்டத்தின் கீழ் காட்டுக்கும் எல்லை விழுந்தது. மேற்கே சீங்கப்பதி, நல்லூர்பதி போன்ற இருளர் பதிகளின் (குடியிருப்புகளின்) மேய்ச்சல் தடமும் தேன் எடுக்கும் பாறையும் குலதெய்வக் கல்லும் இந்தத் தாள்களில் இடம்பெறவில்லை. அளக்க வந்தவர் கேட்காத கேள்விகள் அவை.

ஊரே வரைந்த படங்களும் உண்டு. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்துக் கல்யாசேரியில், 1990-களின் தொடக்கத்தில் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் அமைப்பு ஊர்க்காரர்களோடு சேர்ந்து வள வரைபடம் தயாரித்தது. 1996-இல் மக்கள் திட்ட இயக்கம் வந்து பஞ்சாயத்துகளின் கைக்குப் பணம் போனபோது, அந்த அனுபவத்துக்கு வேலை கிடைத்தது. அதே காலத்தில் பல ஊர்த் தெருக்களில் தொண்டு நிறுவனங்கள் கோலப்பொடி கொடுத்து வரையச் சொன்ன ஊர் வரைபடங்கள் என்ன ஆயின? பெரும்பாலும் அறிக்கைக்குப் படமாயின. தெருவைப் பெருக்கிவிட்டார்கள்.

வரைந்த கைக்கு அதிகாரம் உண்டா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2006-இன் வன உரிமைச் சட்டம் அந்த அதிகாரத்தைக் கிராம சபையிடம் தொடங்கிவைத்தது. சபை அமைக்கும் வன உரிமைக் குழு இடத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும். ஊர் அறிந்த அடையாளங்களோடு வரைபடம் போட வேண்டும். உரிமை கோராத பெரியவர்களின் வாய்மொழியை எழுதி வாங்கினால் அதுவும் சான்று. செயற்கைக்கோள் படம் துணைக்கு வரலாம், மற்றச் சான்றுகளுக்கு மாற்றாகாது என்று விதியே சொல்கிறது. காலனி அளவைக்கு இதைவிட நேரான மறுப்பு கிடையாது. ஆனால் தமிழ்நாட்டில் 2008-இல் விழுந்த நீதிமன்றக் கட்டுப்பாடு 2016 வரை இந்தச் சட்டத்தின் கீழான பட்டா வழங்கலை முடக்கியது. சாட்சி சொல்ல வேண்டிய மூத்தவர்களுக்கு எட்டு வருஷம் சின்னக் காலம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. தேன்பாறையைக் குறித்துவிட்டால் வியாபாரிக்கும் வழி தெரிந்துவிடும். எதைத் தாளில் ஏற்றக் கூடாது என்பதையும் கிராம சபைதான் தீர்மானிக்க வேண்டும். மூலப் படம் பதியிலேயே இருக்கட்டும். கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நகல் போகட்டும்.