லத்திக்குத் தழும்பு உண்டு, கரண்டுக்கு இல்லை!

 

கழனியில் மல்லாட்டை பிடுங்குகிறவனுக்குப் போலீஸ் கையில் இருக்கிற கரண்ட் துப்பாக்கியைப் பற்றி என்னய்யா கவலை என்று சிலர் கேட்கிறார்கள். சங்கம் விலை கேட்கட்டும், ஏரித் தண்ணீர் கேட்கட்டும், இது நமக்கெதற்கு என்கிறார்கள். விலை கேட்டும் தண்ணீர் கேட்டும் ரோட்டுக்கு வருகிறவன் நெஞ்சைப் பார்த்துத்தான் அது நாளைக்கு நீளும். அதனால்தான் பேசுகிறோம்.

நமக்கும் கரண்டுக்கும் உள்ள கணக்கு பழையது. 1970 ஜூன் மாதம் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய விவசாயிகள் மூன்று பேரைப் பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டுக் கொன்றது. கரண்ட் கட்டணத்தைக் குறை என்று கேட்டதற்குத் துப்பாக்கிக் குண்டு கொடுத்தார்கள். அந்த ரத்தம் சிந்தி இருபது வருஷம் கழித்துத்தான் 1990-ல் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் வந்தது. இப்போது குண்டுக்குப் பதில் கரண்டையே கொடுக்கிறேன் என்கிறார்கள்! குஜராத் போலீஸ் 2021-லேயே 'டேசர்' வாங்கிவிட்டது. 'உயிர்ச்சேதம் இல்லாத ஆயுதம்' என்று அதற்குப் பெயர் வேறு.

அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வோம். காட்டுப்பன்றிக்குப் போடுகிற சோலார் வேலி நமக்குத் தெரியும். அதிலும் ஆயிரக்கணக்கான வோல்ட்தான். ஆனால் ஒரு நொடிக்கு ஒரு தட்டு, அவ்வளவுதான். மாடு தொட்டால் துள்ளி விலகிப் போய்விடும். டேசர் அப்படி இல்லை. காற்றழுத்தத்தில் இரண்டு ஊசிகள் கம்பியோடு பறந்து வந்து உடம்பில் குத்தி நிற்கும். அமெரிக்கப் போலீஸ் பல வருஷம் வைத்திருந்த மாடலில் ஒரு நொடிக்குச் சுமார் 19 தட்டு. ஒருமுறை அழுத்தினால் ஐந்து நொடி. விசையை விடாமல் பிடித்தால் அதற்கு மேலும் ஓடும். தசையெல்லாம் இறுகி மனிதன் வெட்டிய மரம் மாதிரி சாய்வான், கையை ஊன்றக்கூட முடியாது. மண்டை தரையில் மோதிச் செத்தவர்கள் உண்டு. பக்கத்தில் பெட்ரோல் இருந்தால் தீப்பிடிக்கும். ஊசியில்லாமல் நேராக உடம்பில் வைத்து அழுத்துகிற முறையும் உண்டு. அதில் ஆள் கட்டுப்பட மாட்டான், வலி மட்டும்தான். வலி மட்டுமே கொடுக்கிற கருவிக்கு நம் ஊரில் என்ன பெயர்? சித்திரவதை.

நெஞ்சைப் பார்த்துச் சுடாதீர்கள் என்று 2009-ல் தயாரித்த கம்பெனியே போலீசுக்கு எழுதியது. சில வேளை சாவுகூட வரும் என்றும், இப்படி உபயோகிப்பது ஒருவகைச் சித்திரவதை என்றும் 2007-ல் ஐ.நா.வின் சித்திரவதைக்கு எதிரான குழு சொன்னது. அமெரிக்காவில் டேசர் பாய்ச்சப்பட்ட பின் இறந்தவர்கள் ஆயிரம் பேருக்கு மேல் என்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2017-ல் கணக்கெடுத்து வெளியிட்டது. அத்தனை பேரும் கரண்டால்தான் செத்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் 150-க்கும் மேற்பட்ட பிரேதப் பரிசோதனைகளில் டேசரும் காரணம், அல்லது காரணங்களில் ஒன்று என்று டாக்டர்களே எழுதியிருக்கிறார்கள்.

துப்பாக்கியால் சுடுவதற்கு இது மேல் இல்லையா என்று கேட்பார்கள். அரிவாளை ஓங்கிக்கொண்டு ஒருவன் வெட்ட வருகிறான், குண்டுக்குப் பதில் இதைப் போட்டு அவன் உயிரோடு பிடிபட்டான் என்றால் சரிதான், உயிர் உயிர்தான். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நடப்பது அதுவா? ஆஸ்திரேலியாவில் கூமா என்ற ஊரில் முதியோர் இல்லத்தில் 95 வயது பாட்டி, நடைவண்டியைப் பிடித்து நடக்கிறவர், கையில் சமையல் கத்தி வைத்திருந்தார் என்று 2023 மே மாதம் ஒரு போலீஸ்காரர் டேசரால் அடித்தார். பாட்டி விழுந்து மண்டை அடிபட்டு ஒரு வாரத்தில் இறந்தார். அந்தப் பாட்டியை யாராவது துப்பாக்கியால் சுட்டிருப்பார்களா? ஒரு டம்ளர் டீ கொடுத்துப் பேசியிருந்தாலே போதும். 2007-ல் கனடாவின் வான்கூவர் விமான நிலையத்தில் மொழி தெரியாமல் தவித்த போலந்து நாட்டுக்காரரை ஐந்து முறை அடித்தார்கள், அங்கேயே செத்தார். 2021-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் டேசர் என்று நினைத்துக் கைத்துப்பாக்கியை எடுத்து 20 வயதுப் பையனைச் சுட்டே விட்டார் ஒரு போலீஸ் அதிகாரி. துப்பாக்கி எடுக்க வேண்டிய இடத்தில் இதை எடுக்கிறார்கள் என்பது பாதி உண்மை. வாயால் பேச வேண்டிய இடத்திலும் இதை எடுக்கிறார்கள் என்பது மீதி.

சரி, அதெல்லாம் சீமைக் கதை. நம்ம கதைக்கு வருவோம்.

2016 ஜூலையில் நம் மாவட்டம் செங்கத்தில் கணவன், மனைவி, மகன் மூவரையும் நடுரோட்டில் போலீஸ்காரர்கள் லத்தியால் அடித்தார்கள். யாரோ செல்போனில் படம் பிடித்தார்கள், தமிழ்நாடே பார்த்தது. லத்தி அடி கண்ணுக்குத் தெரியும், உடம்பில் தடம் இருக்கும், டாக்டர் எழுதுவார். அதனால்தான் அந்தக் குடும்பத்துக்காக நாலு பேர் பேச முடிந்தது. அதே இடத்தில் கரண்ட் வைத்திருந்தால்? எறும்பு கடித்த மாதிரி இரண்டு புள்ளி. நாலு நாளில் அதுவும் போய்விடும். "அடித்தார்களா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டால் சட்டையைக் கழற்றி எதைக் காட்டுவது?

இது கற்பனை இல்லை. வீரப்பனைப் பிடிக்கிறோம் என்று 1993 முதல் தமிழக, கர்நாடக கூட்டு அதிரடிப்படை மாதேஸ்வரன் மலையில் நடத்திய முகாமுக்கு 'ஒர்க்‌ஷாப்' என்றே பெயர். ஆடு மேய்த்தவர்கள், மானாவாரி விவசாயிகள், சோளகர்கள் என்று பிடித்துப்போய்க் காது மடலிலும் சொல்லக்கூடாத இடத்திலும் கரண்ட் வைத்தார்கள் என்று பாதிக்கப்பட்டவர்களே நீதிபதி சதாசிவா குழு முன்னால் வந்து சொன்னார்கள், பெண்கள் உட்பட. தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது 2007 ஜனவரியில். எத்தனை வருஷம் பாருங்கள்! அன்றைக்கு ஒயரும் கிளிப்பும் வைத்துச் செய்ததை ஒளித்துச் செய்ய வேண்டியிருந்தது. நாளைக்கு அரசாங்கமே டெண்டர் விட்டு வாங்கி இடுப்பில் மாட்டிக் கொடுத்தால் யார் கேட்பது?

நியாயத்தைப் பாருங்கள். வேலியில் நேர் கரண்ட் கொடுத்தால் குற்றம். 2023 மார்ச்சில் தர்மபுரி மாரண்டஅள்ளி பக்கம் மூன்று யானைகள் செத்தன, விவசாயி கைதானார். சட்டம் சரிதான், உயிர் போகிற விஷயம். பன்றிக்குக் கரண்ட் வைக்கக்கூடாது என்று நமக்குச் சட்டம் சொல்கிறவர்கள் மனிதனுக்கு வைக்க மட்டும் எந்தச் சட்டத்தைக் காட்டுவார்கள்? சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997-ல் கையெழுத்துப் போட்ட இந்தியா அதை ஏற்புறுதி செய்யவே இல்லை. 2010-ல் மக்களவையில் நிறைவேறிய சித்திரவதைத் தடுப்பு மசோதாவும் சட்டமாகாமல் காலாவதியானது.

நம் மாவட்டத்து மேல்மாவை மறந்துவிட முடியுமா? சிப்காட்டுக்கு நிலம் தரமாட்டோம் என்று 2023 ஜூலை முதல் பந்தல் போட்டு உட்கார்ந்தவர்களை நவம்பரில் கைது செய்து, ஏழு பேர் மேல் குண்டர் சட்டம் போட்டார்கள். ஊரே கொதித்த பிறகு ஆறு பேர் மேல் போட்டதை வாபஸ் வாங்கினார்கள். உட்கார்ந்திருந்தவனையே குண்டர் என்று எழுதுகிற கைக்கு, "எங்களைத் தாக்க வந்தான், அதனால் டேசர் போட்டோம்" என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

நம் போராட்டத்துக்கு வருகிறவர்கள் யார்? பாதிப்பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். பிரஷர் மாத்திரை, நெஞ்சுவலி மாத்திரை மடியில் முடிந்துகொண்டு வருகிற பெரியவர்கள். இடுப்பில் பிள்ளையோடு வருகிற பெண்கள். கார்த்திகை தீபத்தன்றும் பௌர்ணமிக் கிரிவலத்திலும் நம் ஊரில் லட்சக்கணக்கில் கூடுகிறார்களே, அந்த நெரிசலில் ஒருவனைக் கரண்டால் சாய்த்தால் பின்னால் வருகிறவன் எங்கே நிற்பான்?

ஆகவே நாம் கேட்பது இதுதான். கூட்டத்தின் மேலும், ஸ்டேஷனுக்குள்ளும், ஏற்கெனவே பிடிபட்டவர் மேலும் எந்த மின்அதிர்ச்சிக் கருவியும் கூடாது என்று தமிழக அரசு ஆணை போடட்டும். இந்தக் கருவி எப்போது, எத்தனை நொடி ஓடியது என்று அதற்குள்ளேயே பதிவாகிறது. எங்காவது உபயோகித்தால் அந்தப் பதிவையும், ஸ்டேஷன் கேமராப் பதிவையும் பாதிக்கப்பட்டவர் கையில் கொடுக்க வேண்டும். எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வை என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, புதிதாக ஒன்றும் கேட்கவில்லை.

தோழர்களே, யாரையாவது பிடித்துப்போனால் வீட்டார் உடனே கிளைச் செயலாளருக்குச் சொல்லுங்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், உறவினருக்குத் தகவல் தர வேண்டும், டாக்டர் பார்க்க வேண்டும். 1996-ன் டி.கே. பாசு தீர்ப்பு இதைச் சொல்கிறது. கரண்ட் வைத்திருந்தால் டாக்டரிடம் வெட்கப்படாமல் இடத்தைக் காட்டி எழுதச் சொல்லுங்கள். புள்ளி மறையும் முன் அன்றைக்கே போட்டோ எடுங்கள். மாஜிஸ்திரேட் கேட்காவிட்டாலும் நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள்.

மனு எல்லாக் கிளையிலும் இருக்கிறது. கையெழுத்தோ கைநாட்டோ போட்டுக் கொடுங்கள். கலெக்டர் ஆபீசில் அடுத்த விவசாயிகள் குறைதீர்வு நாள் கூட்டத்தில் கொடுக்கப் போகிறோம். பச்சைத் துண்டோடு வாருங்கள், வெயில் தாங்காத பெரியவர்களுக்குக் குடையும் தண்ணீரும் கொண்டு வாருங்கள்.