பயிற்சி நாளுக்கும் கூலி வேண்டும்

விருதுநகர் ஜில்லாவில் பட்டாசு ஆலை ஒன்று வெடித்துச் சிதறும்போதெல்லாம், விசாரணையின் முடிவில் நம் காதில் விழும் சொல் பெரும்பாலும் ‘உராய்வு’ என்பதே. ரசாயன சாஸ்திரத்தின்படி அது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் அந்த உராய்வு எதனால் நேர்கிறது, அதை எப்படித் தவிர்ப்பது என்று வெடிமருந்து செலுத்திய பெண்ணுக்கு யார், எப்போது, எவ்வளவு நேரம் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்பாரில்லை. முதலிப்பட்டி (2012), அச்சங்குளம் (2021), ரெங்கபாளையம் (2023), செங்கமலப்பட்டி (2024), சின்னக்காமன்பட்டி (2025) என்று ஊர்ப்பெயர்கள் நீள்கின்றன. நிவாரணத் தொகை அறிவிக்கப்படுகிறது. கேள்வி மட்டும் நின்றபடியே நிற்கிறது.

மருந்து அறையில் வேலை செய்கிறவர் அறிந்திருக்க வேண்டியவை பெரிய வித்தைகள் அல்ல. அலுமினியத் தூளும் வெடியுப்பும் கந்தகமும் சேர்ந்த கலவையை அன்றன்றே செலுத்தித் தீர்த்துவிட வேண்டும். மிச்சத்தை மூடிவைத்தால், ஈரம் பட்டு உள்ளுக்குள் சூடேறி, மறுநாள் காலையில் கை வைத்த மாத்திரத்தில் சீறக்கூடும். மருந்துத் தட்டைத் தரையில் இழுக்கலாகாது, தூக்கியே வைக்க வேண்டும். இரும்புச் சாமான் உள்ளே வரலாகாது. நைலான் புடவையை விட்டுப் பருத்தியே உடுத்த வேண்டும். வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் ஏறிய மின்சாரத்தைப் போக்கிக்கொண்ட பிறகே உள்ளே கால் வைக்க வேண்டும். தீப்பொறி கண்டால் எந்தக் கதவு வழியே வெளியேறுவது, மருந்து காயும் களத்தின் பக்கம் போகாமல் எத்திசையில் ஓடுவது என்பதெல்லாம், சுவரில் தொங்கும் அறிவிப்புப் பலகையைப் படித்து வருகிற ஞானமல்ல. பலமுறை ஓடிப் பழகிய கால்களுக்கே அது வரும்.

தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை சிவகாசியில் பயிற்சி அளித்து வருகிறது என்பதை நாம் மறுக்கவில்லை, அது போற்றத்தக்கதே. ஆனால் செய்த எண்ணிக்கைக்குத் தக்கபடி கூலி வாங்கும் குடும்பத்துக்கு, பயிற்சிக்குப் போகும் நாள் அடுப்பெரியாத நாள். உரிமம் பெற்றவர் ஒருவர், அறைகளை உள்குத்தகைக்கு எடுத்து ஆள் வைப்பவர் வேறொருவர் என்ற கொடிய வழக்கம் நிலவும் ஆலைகளிலோ, தொழிலாளியைப் பயிற்சிக்கு அனுப்பும் பொறுப்பு யாருடையது என்பதே தெரிவதில்லை. தீபாவளிச் சரக்கு நெருக்கும் மாதங்களில், அறைக்கு விதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் உட்கார்ந்து கதவை அடைத்துக்கொள்ளும்போது, கற்ற பாடமும் பயன்படாது போகிறது.

போபால் பேரழிவுக்குப் பிறகு, 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியபோது, பாதுகாப்புப் பயிற்சி பெறுவது தொழிலாளியின் உரிமை என்றும், உடனடி அபாயம் இருப்பதாகத் தோன்றினால் அதை நிர்வாகத்துக்குத் தெரிவிக்க அவருக்கு உரிமை உண்டு என்றும் நம் பாராளுமன்றம் எழுதிவைத்தது. ஆகவே பயிற்சி என்பது முதலாளி மனமிரங்கி வழங்கும் தர்மமன்று. அவர் பட்ட கடன். ஆட்கள் கிடைப்பதே அரிது, ஒரு நாள் வேலை நின்றாலும் நஷ்டம் என்கிறார்கள் ஆலை அதிபர்கள். ஒரு விபத்துக்குப் பின் எத்தனை ஆலைகள் எத்தனை நாள் பூட்டிக் கிடக்கின்றன என்பதை அவர்களே அறிவார்கள்.

பயிற்சி ஆலையின் வேலியோடு நின்றுவிடுவதும் போதாது. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் மாண்டவர்களில், ஆலைத் தொழிலாளர் அல்லாத பலரும் இருந்தார்கள். புகையைக் கண்டு காப்பாற்றவும் பார்க்கவும் ஓடிவந்த சுற்றுவட்டாரத்து ஜனங்கள் அவர்கள், அடுத்தடுத்து வெடித்த அறைகளுக்கு இரையானார்கள். முதல் வெடிக்குப் பின் எவ்வளவு தூரத்தில் நிற்பது, தீக்காயம் பட்டவர்மேல் மையையும் பற்பசையையும் பூசாமல் குளிர்ந்த நீரை இருபது நிமிஷம் ஊற்றுவது எப்படி என்பதை அந்தக் கிராமங்களின் இளைஞர்கள் கற்றிருக்க வேண்டும். மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் தீப்புண் எவ்வளவு ஆழமாகிறது என்பது பல சமயம் அந்த இருபது நிமிஷத்தைப் பொறுத்தது.

எனவே அரசாங்கத்தை நாம் கேட்பது இது: முழு நாள் கூலியோடு, அவரவர் வேலை செய்யும் அறையிலேயே, ஆண்டுக்கு இருமுறையேனும் பயிற்சியும் தப்பியோடும் ஒத்திகையும் நடந்ததென்று தொழிலாளர்களே நேரில் வாக்குமூலம் தந்தாலன்றி, எந்தப் பட்டாசு ஆலையின் உரிமமும் புதுப்பிக்கப்படலாகாது. அடுத்த தீபாவளிக்கான மருந்துக் கலவை தொடங்குமுன் இந்த உத்தரவு வெளியாக வேண்டும்.