சீக்கிரம் வந்துவிடுகிறாளா?

"காலேஜில் என்ன பெரிய படிப்பு? பொழுதோடு வீட்டுக்கு வந்துவிடுகிறாளே!" என்றார் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அம்மாள். மகள், 1973-இல் தொடங்கிய ராஜபாளையம் ராஜுக்கள் கல்லூரியில் இரண்டாம் வருஷம்.

நீங்களே கணக்குப் பாருங்கள். பிளஸ் டூவில் ஆறு பாடம், 600 மார்க்கு. வருஷக் கடைசியில் ஒரே பெரிய பரீட்சை. ஸ்பெஷல் கிளாஸ் வைத்து ஆசிரியர்களே விரட்டுவார்கள். கல்லூரியிலோ மூன்று வருஷத்துக்குள் ஆறு செமஸ்டர் பரீட்சை. நடுநடுவே இன்டர்னல், அசைன்மென்ட். விரட்டத்தான் ஆளில்லை! வகுப்பில் குறைந்த நேரம் வீட்டுப் படிப்பில்தான் ஈடாக வேண்டும். தவறினால் 'அரியர்' அடுத்த செமஸ்டர் தலையில் ஏறும்.

இந்தப் பெண்ணோ வந்ததும் மாவாட்டி, தம்பிக்குக் கணக்குச் சொல்லி, புத்தகத்தைத் தொடும்போது மணி ஒன்பது. (அண்ணன் காலேஜுக்குப் போனபோது மாவாட்டியது யாரோ!) ஏற்கெனவே ஒரு பேப்பர் போய்விட்டதாம்.

"பரீட்சை முடியும்வரை மாவை மட்டுமாவது நீங்கள் ஆட்டுங்களேன், அம்மா" என்றேன்.

"பார்க்கலாம்" என்றார்.