எந்தப் போனில் திறந்தாலும் படிவம் படிவமாகவே இருக்கட்டும்

2005 ஆகஸ்டில் கத்ரினா சூறாவளி அமெரிக்காவின் தென்கரையைச் சிதைத்தது. வீடிழந்தவர்கள் நிவாரணத்துக்குப் பதிவதற்கென அந்நாட்டு அவசர முகாமைத்துவ நிறுவனமான ஃபீமா ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தது. மைக்ரோசொப்டின் இன்ரநெற் எக்ஸ்புளோரர் 6 உலாவி இருந்தால்தான் அந்தப் பக்கத்தில் பதிய முடிந்தது. வேறு உலாவியோ அப்பிள் கணினியோ வைத்திருந்தவர்களுக்குத் தொலைபேசி வரிசைதான் மிஞ்சியது. உதவி தேவைப்பட்டவர் எந்தக் கணினியின் முன் அமர்ந்திருக்கிறார் என்பதே அவரது இடத்தை முடிவுசெய்தது.

அதற்கு எட்டு மாதங்கள் முன்னர்தான் கடல் நம் ஊருக்குள் புகுந்திருந்தது. இலங்கையிலேயே மிக அதிகமான உயிர்களைச் சுனாமிக்குப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். அந்த நாட்களில் இலங்கை மென்பொருளாளர்கள் தன்னார்வமாகக் கூடி, காணாமற்போனோரைத் தேடவும் முகாம்களைப் பதிவுசெய்யவும் 'சஹானா' என்ற இணைய அமைப்பை உருவாக்கினார்கள். பின்னர் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெயிட்டி நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. இடர்வேளையில் ஓர் இணையப் பக்கம் எவ்வளவு கனதியான பொறுப்பைச் சுமக்கும் என்பதை உலகுக்குக் காட்டியவர்கள் நம் நாட்டவர்களே.

ஆகவே, ஒரு பக்கம் ஓர் உலாவியில் ஒழுங்காகவும் இன்னோர் உலாவியில் குலைந்தும் தோன்றுவதை வடிவமைப்பாளரின் தலையிடி என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. பரீட்சைப் பெறுபேறு முதல் வானிலை அறிவித்தல் வரை எல்லாம் போன் திரைக்கு வந்துவிட்டன. 2022 ஜூலையில் எரிபொருளுக்கான கியூஆர் குறியீட்டைக்கூட இணையத்தில் பதிந்துதான் பெற்றோம். பக்கம் குலைந்தால் சேவை குலைகிறது. அதைச் சீர்செய்யும் பொறுப்பு நம் எல்லோருக்கும் பங்கானது.

பக்கம் ஏன் குலைகிறது? ஒவ்வோர் உலாவிக்குள்ளும் பக்கத்தை வரைந்து தரும் ஓர் இயந்திரம் இருக்கிறது. குரோமிலும் எட்ஜிலும் 'பிளிங்க்', பயர்பொக்ஸில் 'கெக்கோ', ஐபோனின் சபாரியில் 'வெப்கிட்'. பக்கத்தின் தோற்றத்தையும் அமைப்பையும் சொல்லும் சீஎஸ்எஸ் கட்டளைகளை இவை ஒரே விதிநூலிலிருந்தே படிக்கின்றன. ஆனாலும் ஒரு புதிய கட்டளையை ஒன்று முந்திக் கற்கும், ஒன்று பிந்திக் கற்கும். பழைய போனில் புதிய பதிப்பு ஏறாது. 'திரையின் முழு உயரம்' என்று ஒரு படிவத்துக்குக் கட்டளையிட்டால், பல போன் உலாவிகள் தமது முகவரிப் பட்டை மறைந்திருக்கும்போது உள்ள உயரத்தையே கணக்கில் எடுக்கின்றன. பட்டை தெரியும் வேளையில், படிவத்தின் அடியிலுள்ள 'சமர்ப்பி' பொத்தான் திரைக்குக் கீழே போய்விடுகிறது. எல்லா விபரமும் நிரப்பிய ஒரு தாய் அனுப்ப வழி தெரியாமல் போனை மூடிவிடுகிறார்.

தமிழுக்கு இந்தச் சிக்கல் இரட்டிப்பு. பாமினி எழுத்துருவில் எழுதிய பக்கங்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்த காலம் நமக்கு நினைவிருக்கிறது. எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தனுப்ப முயன்றபோதும், இன்ரநெற் எக்ஸ்புளோரருக்கு ஒரு வகைக் கோப்பு, நெட்ஸ்கேப் உலாவிக்கு வேறு வகைக் கோப்பு வேண்டியிருந்தது. 1991 இலேயே தமிழுக்கு யுனிகோட்டில் இடம் கிடைத்திருந்தும், கணினிகளும் போன்களும் அதைச் சரிவரக் காட்டப் பல ஆண்டுகள் பிடித்தன. இன்றும் விண்டோஸ் நிர்மலாவையும் அன்ட்ரொயிட் நோட்டோவையும் அப்பிள் தமிழ் சங்கம் எழுத்துருவையும் எடுத்துக்கொள்கின்றன. மூன்றுக்கும் அகலமும் உயரமும் வேறு. ஆங்கிலச் சொல்லின் நீளத்துக்கு வெட்டிய பெட்டியில் 'விண்ணப்பிக்கவும்' அடங்காது. வரி உயரத்தை இறுக்கினால் எழுத்தின் மேலும் கீழும் வரும் குறிகள் வெட்டுப்படும். தமிழும் அரசகரும மொழி என்று 1987 இல் 13 ஆவது திருத்தம் சொன்னது. தமிழ்ப் பக்கம் வாசிக்க முடியாதபடி குலைந்தால், அந்த உரிமை திரையில் நின்றுவிடுகிறது.

தீர்வு இணக்கத்தில் இருக்கிறது என்பதற்கு இணையத்தின் வரலாறே சாட்சி. 1990களின் இறுதியில் ஒரு பெட்டியின் அகலத்தை அளப்பதிலேயே உலாவிகள் மாறுபட்டன. விதிநூல் உள்ளடக்கத்தை மட்டும் அளந்தது. இன்ரநெற் எக்ஸ்புளோரர் 5 உள்வெளியையும் கரைக்கோட்டையும் சேர்த்து அளந்தது. பின்னர் இரு அளவையையும் ஏற்று, எது வேண்டுமென்று எழுதுபவரே தெரிவுசெய்யும் வழி விதியில் சேர்க்கப்பட்டது. இன்று பெரும்பாலான வடிவமைப்பாளர்கள் தெரிவுசெய்வது அன்று பிழையெனப்பட்ட அளவையைத்தான். 2021 முதல் கூகுள், மைக்ரோசொப்ட் போன்ற போட்டியாளர்களே சேர்ந்து, முரண்படும் அம்சங்களைப் பட்டியலிட்டுச் சீர்செய்யத் தொடங்கினார்கள். 2022 இல் அப்பிளும் பயர்பொக்ஸை உருவாக்கும் மொசில்லாவும் இணைய, 'இன்ரொப்' என்ற பெயரில் அது ஆண்டுதோறும் தொடர்கிறது. ஒரே சோதனைகளில் யார் எத்தனை புள்ளி பெற்றார் என்பதை எவரும் பார்க்கலாம். மேலே சொன்ன திரை உயரச் சிக்கலும் 2022 பட்டியலில் இருந்தது. அதற்கான புதிய அளவைகள் இன்று எல்லா முக்கிய உலாவிகளிலும் உண்டு.

இந்த நடைமுறை நமக்குப் புதிதல்ல. பெரும்போகத்துக்கு முன் ஆரம்பக் கூட்டம் கூடுகிறோம். குளத்து நீரை எப்போது திறப்பது, விதைப்பை எந்த நாளுக்குள் முடிப்பது, மாடுகளை எப்போது வயலை விட்டு அகற்றுவது என்று அதிகாரிகளும் விவசாய அமைப்புகளும் சேர்ந்து தீர்மானிக்கிறார்கள். கடைமடை வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர்வதே அந்தத் தீர்மானத்தின் அளவுகோல். இணையத்தின் கடைமடை, விலை குறைந்த பழைய போன். அதற்காகவும் நாம் சில இணக்கங்களுக்கு வரவேண்டும்.

முதல் இணக்கம், தளம் செய்விப்பவர்களுடையது. பிரதேச சபை, பாடசாலை, கூட்டுறவுச் சங்கம், கோவில் பரிபாலன சபை, பள்ளிவாசல் நிர்வாகம் எதுவாயினும், ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருக்கட்டும். குரோம், பயர்பொக்ஸ், சபாரி மூன்றிலும், ஒரு பழைய அன்ட்ரொயிட் போனிலும் தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, படிவத்தை நிரப்பி அனுப்பிப் பார்த்த பிறகே இறுதிக் கொடுப்பனவு.

இரண்டாவது, திருக்கோவிலிலும் அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் தளம் அமைக்கும் நம் இளைஞர்களுடையது. முதலில் எல்லா உலாவியும் அறிந்த எளிய கட்டளைகளால் பக்கத்தை நிறுத்துங்கள். புதிய அலங்காரத்தை, அதை அறிந்த உலாவிக்கு மட்டும் மேலதிகமாகக் கொடுங்கள். அதற்கான நிபந்தனைக் கட்டளை சீஎஸ்எஸ்ஸிலேயே உண்டு. பெட்டிகளுக்கு நிலையான உயரம் வைக்காதீர்கள். அறிவித்தலைப் படமாக ஒட்டாமல் யுனிகோட் எழுத்தாக இடுங்கள்.

மூன்றாவது, கற்பிப்பவர்களுடையது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பாடசாலைகளில் தகவல் தொழில்நுட்பம் ஒரு பாடம். மாணவர் செய்யும் ஒவ்வொரு பக்கமும் தமிழில், குறைந்தது இரண்டு உலாவிகளில் பரீட்சிக்கப்படட்டும். இணைய நியமங்களை வகுக்கும் டபிள்யூ3சி, தமிழ் எழுத்தமைப்பில் உலாவிகளுக்குள்ள குறைகளைத் தனி ஆவணமாகவே தொகுக்கிறது. எவரும் அதில் கருத்துச் சொல்லலாம். நம் மாணவர்களின் அவதானிப்புகளும் அங்கே போகட்டும்.

நான்காவது, பயன்படுத்தும் நம்முடையது. பக்கம் குலைந்திருந்தால் திட்டிவிட்டு மூடாமல், திரையைப் படமெடுத்து, போனின் வகையையும் உலாவியின் பதிப்பையும் குறித்து உரிய அலுவலகத்துக்கு அனுப்புவோம். திருத்துபவருக்கு அதைவிட நல்ல உதவியில்லை.

இதற்கெல்லாம் காசும் நேரமும் ஏது என்று சிறிய சபைகள் கேட்பது நியாயமே. எல்லாத் திரையிலும் ஒரே அழகு வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. நிழலும் வளைவும் உலாவிக்கு உலாவி மாறட்டும். எழுத்து வாசிக்கக்கூடியதாக, பொத்தான் அழுத்தக்கூடியதாக, படிவம் அனுப்பக்கூடியதாக இருந்தால் போதும். இதைத் தொடக்கத்திலேயே தீர்மானித்தால் செலவு சிறிது. தளம் முடிந்தபின் திருத்தப் போனால்தான் செலவு ஏறும்.

அக்கரைப்பற்று முஸ்லிம் மாணவிக்கும் விநாயகபுரத்துத் தமிழ் விவசாயிக்கும் இணையப் படிவம் ஒரே மொழியில்தான் வருகிறது. அது குலைந்தால் இருவருக்கும் இழப்பு, திருந்தினால் இருவருக்கும் பயன். ஆகவே சபைகளும் சங்கங்களும் பரிபாலனக் குழுக்களும் கூடி, அடுத்த இணையத்தள ஒப்பந்தத்துக்கான பொது நிபந்தனைகளை ஒரே தாளில் எழுதட்டும். அந்தத் தாளில் எல்லோரும் கையொப்பமிடுவோம்.